கொப்பரையின் அடியில் மிஞ்சியது

தாம்பரம் சாலைகளைப் பற்றிச் சென்ற மாதம் எழுதியிருந்தேன் அல்லவா? முடிச்சூர் சாலை ஓரத்தில் விறகு எரித்து, பீப்பாயில் தார் காய்ச்சி, ஜல்லியில் கலந்து கொட்டிய அந்தக் காலத்துக் காட்சிகள். அதைப் படித்துவிட்டுச் சேலையூர் வாசகர் ஒருவர் நல்ல கேள்வி ஒன்று கேட்டிருந்தார். "கச்சா எண்ணெயிலிருந்து பெட்ரோல், டீசல், மண்ணெண்ணெய், சமையல் வாயு எல்லாம் எடுத்த பிறகு அடியில் மிஞ்சும் கசடுதான் தார் என்கிறீர்கள். அவ்வளவு கசடையும் சாலையில் கொட்டிவிட முடியுமா? மீதி எங்கே போகிறது?"

கேள்வி சின்னது. பதில் தேடப் போனதில் எனக்கு மூன்று வாரம் ஓடிவிட்டது. நான் ரசாயனம் படித்தவன் அல்ல. முப்பத்தைந்து வருடம் கோப்புகளோடு குடித்தனம் நடத்தியவன். ஆனால் ராஜகீழ்ப்பாக்கத்தில் எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார். வடக்கே ஒரு சுத்திகரிப்பு ஆலையில் இந்தக் கசடோடேயே வேலை பார்த்து ஓய்வு பெற்று வந்தவர். அவர் சொன்னதையும் நான் படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் நம் ஊர்க் கதை. மணலி ஆலை எல்லோருக்கும் தெரியும். 1965 கடைசியில் 'மெட்ராஸ் ரிஃபைனரீஸ்' என்ற பெயரில் கம்பெனி பதிவானது. மத்திய அரசுக்கு 74 சதவீதம், அமெரிக்காவின் அமோகோ கம்பெனிக்கு 13, ஈரானின் தேசிய எண்ணெய்க் கம்பெனிக்கு 13. 1969-ல் ஆலை ஓடத் தொடங்கியபோது ஆண்டுக்கு 25 லட்சம் டன் கச்சா எண்ணெயைக் காய்ச்சும் திறன். படிப்படியாக விரிந்து இன்று 105 லட்சம் டன். 1985-ல் அமோகோ தன் பங்கை விட்டுவிட்டுப் போனது. 2000-ல் பெயர் 'சென்னை பெட்ரோலியம் கார்ப்பரேஷன்' ஆனது. நம் வயதுக்காரர்கள் இன்னும் எம்.ஆர்.எல். என்றுதான் சொல்கிறோம்.

கச்சா எண்ணெயைக் காய்ச்சுவது ஏறக்குறைய சாராயம் வடிப்பது போலத்தான். லேசானவை முதலில் ஆவியாகி மேலே போகும், கனமானவை பின்னால் வரும். சாதாரண அழுத்தத்தில் வடித்தது போக மிச்சத்தை, காற்றை உறிஞ்சி எடுத்த கோபுரத்தில் மறுபடி வடிப்பார்கள். அதற்குப் பிறகும் ஆவியாகாமல் அடியில் நிற்பதுதான் கடைசிக் கசடு. ஆறினால் கல்லாக இறுகும், சூட்டில் கூழாக ஓடும். வளைகுடா நாடுகளிலிருந்து வரும் கனமான கச்சா எண்ணெயில் இந்தக் கசடு கணிசமாகவே மிஞ்சும்.

மணலியில் பல வருடம் இதைத் தாராக விற்றார்கள். மிச்சத்தை வேறு எண்ணெய் கலந்து இளக்கி 'பர்னஸ் ஆயில்' என்று தொழிற்சாலைக் கொதிகலன்களுக்குக் கொடுத்தார்கள். கப்பல்களும் இதே மாதிரி கன எண்ணெயைத்தான் எரித்தன. அது எப்படிப்பட்ட பொருள் என்பதைச் சென்னைக்காரர்கள் ஒருமுறை கண்ணால் பார்த்தோம். 2017 ஜனவரி 28 அதிகாலையில் எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டு, ஒன்றிலிருந்து கன எரிஎண்ணெய் கொட்டியதே, நினைவிருக்கிறதா? பாறைகளில் அப்பிய கறுப்புக் குழம்பை வாளி வாளியாகக் கையால் அள்ளினார்கள். இயந்திரத்தின் உறிஞ்சுகுழாய்க்கு அது அடங்கவில்லை. தொலைக்காட்சியில் அதைப் பார்த்த யாருக்கும் கசடின் குணத்தை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

அந்த எண்ணெயின் சந்தை சுருங்கிக்கொண்டே வந்தது. 2020 ஜனவரி 1 முதல் கப்பல் எரிபொருளில் கந்தகம் 3.5 சதவீதத்திலிருந்து 0.5 சதவீதத்துக்குக் குறைய வேண்டும் என்று உலகக் கடல்சார் அமைப்பு விதித்தது. கசடை அப்படியே விற்பது இனி நடக்காது என்று எல்லா ஆலைகளுக்கும் முன்கூட்டியே தெரிந்துவிட்டது. மணலியில் 3,000 கோடி ரூபாய்க்கு மேல் செலவிட்டு, ஆண்டுக்கு 22 லட்சம் டன் கசடைக் கையாளும் 'டிலேய்ட் கோக்கர்' ஒன்றை அமைத்தார்கள். அது 2017-18 வாக்கில் ஓடத் தொடங்கியது. கசடை மேலும் சூடாக்கி உடைத்து, அதிலிருந்து இன்னும் கொஞ்சம் வாயு, நாப்தா, டீசல் பிழிந்துவிட்டு, கடைசியில் உலர்ந்த கரியாக வெளியே தள்ளும் ஏற்பாடு அது. அந்தக் கரிக்குப் பெயர் பெட்ரோலியம் கோக், சுருக்கமாக பெட்கோக்.

இதில் ஒரு வேடிக்கை. உலகத்தின் முதல் டிலேய்ட் கோக்கரை 1930 வாக்கில் அமெரிக்காவில் விட்டிங் என்ற ஊரில் கட்டியது இண்டியானாவின் ஸ்டாண்டர்டு ஆயில் கம்பெனி. அந்தக் கம்பெனிதான் பிற்காலத்தில் அமோகோ ஆனது. அதாவது இந்த வித்தையைக் கண்டுபிடித்தவர்களே மணலியில் 13 சதவீதப் பங்காளிகளாக இருந்தார்கள். அவர்கள் போய் முப்பது வருடத்துக்கு மேல் ஆன பிறகுதான் மணலிக்கு அந்த வித்தை வந்தது. இந்தியாவில் இது புதிதும் அல்ல. ருமேனியா உதவியோடு கட்டி 1962-ல் திறந்த குவாஹாத்தி ஆலையிலும், சோவியத் உதவியோடு வந்த பரௌனியிலும் ரொம்ப நாளாகக் கோக் எடுக்கிறார்கள்.

'டிலேய்ட்' என்றால் தாமதித்த என்று பொருள். எதைத் தாமதிக்கிறார்கள்? கசடை உலைக்குழாய்களில் ஓடவிட்டு 500 டிகிரி செல்சியஸ் பக்கம் சூடேற்றுகிறார்கள். அந்தச் சூட்டில் அது உடைந்து கரியாகத் தொடங்கிவிடும். குழாய்க்குள்ளேயே கரி பிடித்தால் உலை அடைத்துப் போகும். அதனால் நீராவியைச் சேர்த்து, வேகமாக, கரி பிடிக்க நேரம் கொடுக்காமல் குழாயைத் தாண்ட வைத்து, பத்து மாடி உயரம் இருக்கும் இரும்பு டிரம்முக்குள் அனுப்புகிறார்கள். டிரம்முக்குள் போன பிறகு அது நிதானமாக உடைகிறது. லேசானவை ஆவியாக மேலே போகின்றன, கரி கீழே தங்குகிறது. குழாயில் நடக்க வேண்டியதைத் தள்ளிப்போட்டு டிரம்மில் நடக்க வைப்பதால் அந்தப் பெயர். 100 கிலோ கசடு உள்ளே போனால், அதன் தன்மையைப் பொறுத்து 20 முதல் 35 கிலோ வரை கோக்.

டிரம்கள் ஜோடி ஜோடியாக இருக்கும். ஒன்று நிறைந்துகொண்டிருக்கும்போது மற்றொன்றை ஆற வைத்து, திறந்து, உள்ளே இறுகிய கரியை வெட்டி எடுப்பார்கள். ஒரு டிரம் நிறைய 16 முதல் 24 மணி நேரம். ஆரம்ப காலத்தில் டிரம்முக்குள் எஃகுக் கயிற்றைச் சுருள் சுருளாக வைத்துவிட்டு, கரி இறுகிய பிறகு அந்தக் கயிற்றை இழுத்துக் கரியை உடைத்திருக்கிறார்கள்! பிறகு தண்ணீர் முறை வந்தது. சதுர சென்டிமீட்டருக்கு 150 முதல் 300 கிலோ அழுத்தத்தில் பாயும் தண்ணீர், மேலிருந்து கரியைத் துளைத்து வெட்டும்.

இதையெல்லாம் நண்பர் விளக்கிக்கொண்டு வரும்போது எனக்குப் பாகூர்ப் பக்கத்து வெல்லக் கொப்பரைதான் கண்ணில் நின்றது. புதுச்சேரியில் படித்த காலத்தில் லீவு விட்டால் பெரியம்மா வீட்டுக்குப் போய்விடுவோம். அங்கே கரும்புச் சாற்றைப் பெரிய கொப்பரையில் காய்ச்சுவார்கள். காய்ச்சுகிறவர் கையில் மூன்று சாமான்கள் இருக்கும். ஒன்று சுண்ணாம்புத் தெளிவு. இரண்டாவது வெண்டைச் செடியின் தண்டை இடித்து ஊறவைத்த வழவழப்பான தண்ணீர். அதை ஊற்றினால் அழுக்கெல்லாம் திரண்டு மேலே வரும், வாரி எடுத்துவிடுவார்கள். மூன்றாவது ஒரு சின்னக் கிண்ணத்தில் ஆமணக்கு எண்ணெய். பாகு பொங்கிக் கொப்பரை விளிம்பைத் தொடும்போது இரண்டு சொட்டு விடுவார். பொங்கல் சட்டென்று அடங்கும். அத்தனை பெரிய கொப்பரைக்கு இரண்டே சொட்டு! எங்களுக்கு அது மந்திரம் போல இருக்கும். அதே கரும்பு, அதே நெருப்பு, சேர்மானம் சரியில்லை என்றால் வெல்லம் கட்டியாகாமல் இளகிக் கிடக்கும். சந்தையில் பாதி விலைக்குக் கேட்பார்கள்.

நான் இதைச் சொன்னதும் நண்பர் சிரித்துவிட்டார். "சார், நீங்க சொன்ன மூணு சாமானில் ரெண்டு எங்க டிரம்மிலயும் உண்டு. ஆமணக்கு எண்ணெய்க்குப் பதிலா சிலிக்கான் எண்ணெய். வெண்டைத் தண்ணிக்குப் பதிலா ஸ்லரி ஆயில்."

அந்த இரண்டாவது சேர்மானம்தான் விஷயத்தின் உயிர். கோக் என்றால் எல்லாம் ஒன்றல்ல. டிரம்மில் மூன்று உருவத்தில் அது வரலாம். ஒன்று, தேன்கூடு போலவும் கடற்பஞ்சு போலவும் துளைகள் நிறைந்த கட்டி, அது ஸ்பாஞ்ச் கோக். இரண்டாவது, மிளகு அளவிலிருந்து சுண்டைக்காய் அளவு வரை கெட்டியான உருண்டைகள், துப்பாக்கிக் குண்டு மாதிரி இருப்பதால் ஷாட் கோக். மூன்றாவது, ஊசி ஊசியாக நார் ஓடிய நீடில் கோக். மூன்றில் விலை உயர்ந்தது ஊசி, மட்டமானது குண்டு.

ஏன் குண்டாகிறது? கசடில் 'அஸ்பால்டீன்' என்ற கனமான பொருள் உண்டு. அதைச் சுற்றி ரெசின் என்ற பிசினும், வாசனைச் சேர்மங்கள் என்று பள்ளியில் படித்தோமே, பென்சீன் வளைய எண்ணெய்கள், அவையும் சேர்ந்து அதைக் கரைசலில் தாங்கிப் பிடித்திருக்கின்றன. சூடேறும்போது தாங்கிப் பிடித்தவை உடைந்து ஆவியாகிவிடுகின்றன. ஆதரவு போன அஸ்பால்டீன் திடீரென்று பிரிந்து துளித் துளியாகத் திரள்கிறது. டிரம்முக்குள் வேகமாக மேலேறும் ஆவியின் கொந்தளிப்பில் அந்தத் துளிகள் உருண்டு உருண்டு அப்படியே இறுகிவிடுகின்றன. மலிவாகக் கிடைக்கிறதென்று கனமான கச்சா எண்ணெயை வாங்கும் ஆலைகளுக்கு இந்தத் தொல்லை அதிகம்.

மருந்து என்ன? கரைத்துப் பிடிக்கும் எண்ணெயைக் கொஞ்சம் வெளியிலிருந்து கொடுப்பதுதான். ஆலையின் இன்னொரு பகுதியில், வினையூக்கி கொண்டு எண்ணெயை உடைக்கும் இடத்தில், அடியில் ஒரு கறுப்பு எண்ணெய் மிஞ்சும். அதுதான் ஸ்லரி ஆயில். அதில் வளையச் சேர்மங்கள் ஏராளம். அதைக் கசடோடு கலந்துவிட்டால் அஸ்பால்டீன் இன்னும் சற்று நேரம் கரைந்தே இருக்கும், திடீரென்று திரளாது. உருண்டைக்குப் பதில் துளையுள்ள கட்டி கிடைக்கும். ஒரு கசடுக்கு இன்னொரு கசடே மருந்து!

செலவில்லாத மருந்தா என்றால், இல்லை. ஸ்லரி ஆயிலைத் தனியாகவும் விற்கலாம். டயருக்குக் கறுப்பு நிறமும் வலுவும் தரும் கார்பன் பிளாக் செய்ய அது மூலப்பொருள். அதில் வினையூக்கியின் துகள் தங்கியிருந்தால் கோக்கில் சாம்பல் கூடும். டிரம்மின் அழுத்தத்தைக் கூட்டியும், சூட்டைக் கொஞ்சம் குறைத்தும்கூடக் குண்டைத் தவிர்க்கலாம். ஆனால் அப்போது கரி அதிகமாகி டீசல் குறையும். டீசலுக்குத்தானே இத்தனை பாடு? ஆகவே ஆலைக்காரர்கள் தினமும் ஒரு தராசைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள்.

விலை வித்தியாசத்துக்காக மட்டும் என்றால் நான் இவ்வளவு நீட்டி எழுதியிருக்க மாட்டேன். நண்பர் அடுத்துச் சொன்னதுதான் என்னை எழுத வைத்தது.

"டிரம்மைத் திறக்கிற நேரம்தான் சார் எங்களுக்குப் பரீட்சை. உள்ளே என்ன இருக்குன்னு கண்ணால பார்க்க முடியாது. தண்ணி விட்டாச்சு, ஆறியிருக்கும்னு நம்பித்தான் அடி மூடியைக் கழட்டணும். ஸ்பாஞ்சா இருந்தா தண்ணி துளை வழியா எல்லா இடத்துக்கும் போகும், ஒரே சீரா ஆறும். குண்டா இருந்தா தண்ணி ஒரு வழியைக் கண்டுபிடிச்சு அது வழியாவே ஓடிடும். மத்த இடம் நெருப்பாவே இருக்கும். மேலிருந்து வெட்டும்போது அந்த இடத்துல தண்ணி பட்டா கொதிநீரும் ஆவியும் எகிறும். இல்லேன்னா, மூடி திறந்ததும் மொத்தக் குண்டும் மணல் சரியற மாதிரி சரிஞ்சு விழும். எனக்கு ஒரு தடவை அப்படி ஆச்சு. ரெண்டு அடி தள்ளி நின்னேன், பிழைச்சேன்."

அவர் குரலை உயர்த்தாமல், காபியை ஆற்றிக்கொண்டே இதைச் சொன்னார். எனக்குத்தான் கை நடுங்கியது.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் அனகோர்டிஸ் என்ற ஊரில் 1998 நவம்பர் 25 அன்று நடந்ததையும் அவர் சொன்னார். பின்னால் நானும் படித்துப் பார்த்தேன். புயலில் மின்சாரம் போய் ஆலை நின்றுவிட்டது. பாதி நிறைந்த டிரம்முக்குள் வழக்கம்போல நீராவியும் தண்ணீரும் செலுத்தி ஆற்ற முடியவில்லை. ஒரு நாளுக்கு மேல் காத்திருந்துவிட்டு, தானாக ஆறியிருக்கும் என்று எண்ணித் திறந்தார்கள். நடுவில் ஆறாத எண்ணெய் இருந்தது. வெளியே கொட்டிக் காற்றுப் பட்டதும் பற்றிக்கொண்டது. 6 பேர் இறந்தார்கள். குண்டுக் கோக்கினால் வந்ததல்ல அந்த விபத்து. ஆனால் ஆறாத டிரம் என்றால் என்ன என்பதை உலகம் முழுவதும் இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு உணர்த்தியது அதுதான். இப்போது பல இடங்களில் தூரத்தில் நின்று இயக்கும் அடி வால்வுகள் வந்துவிட்டன. ஆட்கள் பக்கத்தில் நிற்க வேண்டியதில்லை. இருந்தாலும் டிரம்முக்குள் இருப்பது சீராக ஆறும் கரியா, சரிந்து விழும் கரியா என்பது, அது உள்ளே போகும்போது என்ன கலந்தார்கள் என்பதைப் பொறுத்தே இருக்கிறது.

இனி அந்த 'ஆமணக்கு எண்ணெய்' கதை. டிரம்மில் கசடு கொதிக்கும்போது பாகு போலவே நுரை பொங்கும். நுரை மேல் குழாய்க்குள் போய்விட்டால் அங்கே கரி பிடித்து, அடுத்த கோபுரம் வரை நாசம். நுரை எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதை டிரம்முக்கு வெளியே கதிரியக்கக் கருவி வைத்துப் பார்க்கிறார்கள். பொங்குகிறது என்று தெரிந்தால் மேலிருந்து சிலிக்கான் எண்ணெய் விடுவார்கள், நுரை அடங்கும். ஆனால் வெல்லக்காரர் ஏன் இரண்டே சொட்டு விட்டாரோ அதே கட்டுப்பாடு இங்கேயும் உண்டு. அதிகம் விட்டால் சிலிக்கான் சூட்டில் சிதைந்து நாப்தாவோடு போய், அடுத்த பகுதியில் இருக்கும் விலை உயர்ந்த வினையூக்கியின் மேல் படிந்து அதை மலடாக்கிவிடும்.

எதிர்த்திசையில் யோசித்தவர்களும் இருக்கிறார்கள். குண்டுக் கோக் வரட்டும், ஆனால் கட்டியாக ஒட்டாமல், வெட்ட வேண்டிய அவசியமே இல்லாமல் தானாக வழிந்து வரட்டும் என்று, சோடியம், பொட்டாசியம் சேர்ந்த காரப்பொருள்களைக் கசடில் கலந்து பார்த்து அமெரிக்காவில் காப்புரிமையும் வாங்கியிருக்கிறார்கள். இதில் ஒரு சிக்கல். அதே சோடியம் உலைக்குழாய்க்குள் இருந்தால் அங்கே சீக்கிரம் கரி பிடிக்க வைக்கும். அதனால்தான் கச்சா எண்ணெயின் உப்பை முதலிலேயே கழுவி எடுக்கிறார்கள். டிரம்மில் மருந்தாவது குழாயில் விஷம்.

நல்ல கோக் யாருக்கு வேண்டும் என்று கேட்பீர்கள். நாம் சோறு வடித்த அலுமினியப் பாத்திரத்துக்கு வேண்டும். புதுச்சேரியில் நாங்கள் பிரெஞ்சில் பாடம் படித்தோம். அலுமினியத்தை மின்சாரத்தால் பிரிக்கும் முறையை 1886-ல் கண்டுபிடித்தவர் போல் எரூ என்ற பிரெஞ்சுக்காரர் என்று வாத்தியார் பெருமையாகச் சொல்வார். வேலைக்காகச் சென்னை வந்த பிறகுதான் அதே வருடம் ஹால் என்ற அமெரிக்கரும் தனியாகக் கண்டுபிடித்தார் என்பது எனக்குத் தெரிந்தது. இருவரும் பிறந்தது 1863, இறந்தது 1914! அந்த முறையில் மின்முனையாக வைப்பது பெட்ரோலியம் கோக்கைச் சுட்டுச் செய்த கார்பன் கட்டி. ஒரு கிலோ அலுமினியத்துக்கு 400 கிராமுக்கு மேல் கார்பன் எரிந்து தீரும். அசாம் எண்ணெயில் கந்தகம் குறைவு என்பதால் குவாஹாத்தி, பரௌனி கோக்குக்கு இந்தத் தொழிலில் மதிப்பு. துளையுள்ள ஸ்பாஞ்ச் கோக்தான் அதற்கு ஏற்றது. குண்டு ஒட்டாது, வெடித்துப் போகும்.

ஊசிக் கோக் இன்னும் உசத்தி. பழைய இரும்பை உருக்கும் மின்உலைகளில் வைக்கும் கிராஃபைட் கம்பங்களுக்கு அதுதான் வேண்டும். கார்பனில் சிலது எவ்வளவு சுட்டாலும் கிராஃபைட் ஆகாது, சிலது ஆகும் என்று பிரித்துக் காட்டியவர் ரோசலிண்ட் ஃபிராங்க்ளின். டி.என்.ஏ. படம் எடுத்த அதே அம்மையார்தான். 1947 முதல் பாரிஸில் இருந்த காலத்தில் இந்த வேலையைச் செய்து 1951-ல் வெளியிட்டார். சர்க்கரையைக் கரித்தால் வரும் கார்பன் 3,000 டிகிரியிலும் கிராஃபைட் ஆகாது, பெட்ரோலியம் கோக் ஆகும். காரணம், பெட்ரோலியக் கசடு இறுகுமுன் ஒரு பாகுப் பதத்தைக் கடக்கிறது. அந்தப் பதத்தில் தட்டையான மூலக்கூறுகள் அடுக்கி வைத்த அப்பளம் போல் வரிசை கட்டுகின்றன. 1960-களில் ஆஸ்திரேலியாவில் புரூக்ஸ், டெய்லர் என்ற இருவர் அந்தப் பதத்தை நுண்ணோக்கியில் பார்த்து விளக்கினார்கள். பாகுப் பதம் எவ்வளவு நேரம் நீள்கிறதோ அவ்வளவு ஒழுங்கு. சேர்மானம் செய்யும் வேலையே அந்த நேரத்தைக் கொஞ்சம் நீட்டிக் கொடுப்பதுதான்.

ஆக, கொஞ்சம் ஸ்லரி ஆயில், சில சொட்டு சிலிக்கான் இருந்தால் கசடும் காசாகும், ஆளும் பிழைப்பான். ஆனால் இந்தச் சேர்மானங்களால் ஆகாத காரியம் ஒன்றும் உண்டு. கோக்கின் உருவத்தை அவை மாற்றும், உள்ளே இருக்கும் கந்தகத்தை மாற்றாது. கச்சா எண்ணெயின் கந்தகத்தில் பெரும் பங்கும், வனேடியம், நிக்கல் போன்ற உலோகங்களும் கசடில்தான் தங்கும். கசடு கோக்காகும்போது அவையும் கூடவே வரும். வளைகுடா எண்ணெயிலிருந்து வரும் கோக் பெரும்பாலும் எரிக்கத்தான் பயன்படும். அதில் நம் ஊர் நிலக்கரியைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு சூடு, சாம்பலோ மிகச் சொற்பம். ஆலைகளுக்கு ஆசை வருவது நியாயம்தான். எரித்தால் கந்தகப் புகையும் தாராளமாக வரும்.

2017 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உத்தரப் பிரதேசம், ஹரியானா, ராஜஸ்தான் மாநிலங்களில் பெட்கோக்கையும் பர்னஸ் ஆயிலையும் எரிக்கத் தடை விதித்தது டில்லிக் காற்றுக்காகத்தான். பிறகு சிமெண்ட் ஆலை, சுண்ணாம்புக் காளவாய் போன்றவற்றுக்கு விலக்குக் கொடுத்தார்கள். 2018-ல் எரிபொருளாகப் பெட்கோக் இறக்குமதி செய்வதையும் கட்டுப்படுத்தினார்கள். சிமெண்டுக்கு ஏன் விலக்கு? சூளையில் இருக்கும் சுண்ணாம்பு கந்தகத்தைப் பிடித்து சிமெண்டுக்குள்ளேயே கட்டிவிடுகிறது. வெல்லக் கொப்பரையில் சுண்ணாம்பு, சிமெண்ட் சூளையிலும் சுண்ணாம்பு! நண்பர் டிரம்மில் இல்லை என்று விட்ட மூன்றாவது சாமான் இங்கே வந்துவிட்டது.

இப்போது சேலையூர் வாசகருக்குப் பதில் சொல்கிறேன். மீதிக் கசடு எங்கே போகிறது? ஒரு பங்கு டீசலாகி உங்கள் வீட்டு வாசலில் ஓடும் பேருந்துக்குள் போகிறது. ஒரு பங்கு கோக்காகிச் சிமெண்ட் சூளைகளுக்குப் போகிறது. பெருங்களத்தூரிலிருந்து செங்கல்பட்டு வரை வரிசையாக எழும்பிக்கொண்டிருக்கும் அடுக்குமாடிகளைப் பார்க்கும்போது இது என் நினைவுக்கு வருகிறது. தாம்பரத்தில் இருக்கும் நாம் அந்த டிரம்மைப் பார்த்ததில்லை, அதன் வாசனையும் நமக்கு வருவதில்லை. காற்றும் கடலும் கழிமுகமும் மணலி, எண்ணூர், திருவொற்றியூர் மக்களுடையவை. வீடும் வண்டியும் நம்முடையவை. ஒரே நகரம்தான், மின்சார ரயிலில் ஒன்றரை மணி நேரத் தூரம்தான். அவர்கள் காற்றில் கந்தகம் எவ்வளவு என்று கேட்கிற கடமை தெற்கே இருக்கும் நமக்கும் உண்டு என்று எனக்குத் தோன்றுகிறது.

இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களில் மணலியிலும் மற்ற ஆலைகளிலும் ஷிப்டு பார்த்து ஓய்வு பெற்றவர்கள் சிலர் இருக்கிறீர்கள் என்று தெரியும். இரவு இரண்டு மணிக்கு டிரம் திறந்த அனுபவம் உங்களுக்கும் இருக்கும். எழுதி அனுப்புங்கள். நான் கோப்பு பார்த்தவன், கேட்டதைத்தான் எழுத முடியும். நீங்கள் நின்று பார்த்தவர்கள்.